குப்புறப் படுத்துப் படித்தவர்

கண் மருத்துவர் பத்து நாள் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கின் இடது கண்ணில் விழித்திரை பிய்ந்துபோயிருந்தது. அதை ஒட்டிவைத்து, உள்ளே ஒரு வாயுக்குமிழியை விட்டிருந்தார்கள். முகம் தரையைப் பார்த்திருந்தால்தான் குமிழி மேலெழும்பி ஒட்டிய இடத்தை அழுத்திப் பிடிக்கும். மணிக்கொரு தடவை பத்து நிமிடம் எழுந்து நடக்கலாம். அப்போதும் தலை தொங்கியே இருக்கவேண்டும். ஒட்டியது நிற்குமா என்று இப்போதே சொல்ல முடியாது, பத்தாம் நாள் பார்த்தால்தான் தெரியும் என்றார் மருத்துவர்.

இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் குழிகளுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தே பிழைத்தவர் அவர். இப்போது முகத்துக்கு ஓட்டை வைத்த வாடகைக் கட்டிலில் கவிழ்ந்து, தரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அவர் மனைவி ஆடைத் தொழிற்சாலையில் தையல் தரம் பார்ப்பவள். மூன்று நாள் விடுப்பு கொடுத்தவர்கள் நான்காம் நாளுக்குக் கையை விரித்துவிட்டார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட வீட்டில் ஆள் வேண்டும். மூன்றாம் நாள் மாலை அவள் தன் தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பியைக் குடும்பத்தில் எல்லோரும் பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட நாளில் வைத்த புத்தகப்பூச்சி என்ற பட்டம் தேய்ந்து பூச்சியாகிவிட்டது. இப்போது வயது இருபத்தொன்பது. நகர நூலகத்தில் மங்கா அலமாரிகள் அவன் பொறுப்பு. வலமிருந்து இடமாகப் படிக்கும் ஜப்பானியப் படக்கதைகள், ஆயிரத்து எண்ணூறு சொச்சம் புத்தகங்கள். எது நல்ல தொடர், எது ஆறாவது புத்தகத்தோடு கெட்டுப்போனது, எது யாருக்குப் பிடிக்கும் என்று சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி அலமாரியில் செருகிவைப்பான். புத்தகம் எடுக்காமல் அட்டையை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அவனுக்கு வேலை மாலை மூன்றரைக்குத்தான். காலை முழுக்கச் சும்மா இருப்பவன்தான். ஆனாலும் அக்கா கேட்டதும் சரி என்று சொல்லிவிடவில்லை. மாமா ஒத்துக்கொண்டாரா என்று கேட்டான்.

"அவரே குப்புறக் கெடக்கறாரு. ஒத்துக்காம எங்க போவாரு?" என்றாள் அக்கா.

அவன் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, மெக்கானிக்தான் தன் கம்பெனியில் சொல்லி அவனைப் வேலை பழகச் சேர்த்துவிட்டார். "என் பொறுப்பு" என்று மேலாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்து மாதம் கூடவே வேலைக்கு வந்த பூச்சி, ஒரு மதியம் ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் மேலாளர் மேசையில் வைத்துவிட்டுப் போனவன்தான். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. படக்கதை படிக்க நேரம் போதவில்லை போலிருக்கிறது என்று கம்பெனியில் சிரித்தார்கள். மெக்கானிக் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதுவரை "வாடா மாப்ள" என்று கூப்பிட்டவர், அடுத்த தடவை பார்த்தபோது "வாங்க, உக்காருங்க" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருடமும் அந்த "ங்க"தான். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம் என்று பூச்சிக்குத் தோன்றும்.

நான்காம் நாள் காலை அவன் போனபோதும் கட்டிலின் ஓட்டைக்குள்ளிருந்து "வாங்க" என்றுதான் குரல் வந்தது. தெரிந்ததெல்லாம் பிடரியும் நரைத்த பின்மண்டையும்தான். மருந்து விடும்போது முகம் பார்த்தான். கன்னத்தில் மெத்தை விளிம்பின் தடம் பதிந்து, இடது கண் சிவந்து வீங்கியிருந்தது.

பதினோரு மணிவாக்கில், மூன்று நாளாக ரேடியோ கேட்டுக் காது புளித்துவிட்டது என்று மெக்கானிக் தரையிடம் சொல்வதுபோலச் சொன்னார். வலது கண்ணால் படிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பூச்சியின் பையில் அன்று நூலகத்துக்குத் திருப்பவேண்டிய துப்பறியும் மங்கா ஒன்று இருந்தது. சின்ன முக்காலி ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, ஓட்டைக்கு நேராகப் புத்தகத்தை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். எப்படியும் நாலு பக்கத்தில் மூடிவிடுவார் என்று நினைத்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துக் குரல் வந்தது.

"முதல் பக்கத்துலயே கொலைகாரன் கையில வெலங்கு மாட்டிட்டாங்க. அப்புறம் எல்லாரும் வந்த வழியே திரும்பிப் போறாங்க. செத்தவன் கடைசில எந்திரிச்சு உக்காந்து சாப்பிடறான். என்ன கதைங்க இது?"

பூச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். நம் வழக்கப்படி இடப்பக்க அட்டையைத் திறந்து கடைசியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். இப்படி ஆகக்கூடாது என்பதற்காகவே பதிப்பகம் அங்கே ஓர் எச்சரிக்கைப் பக்கம் அச்சடித்திருக்கும். இந்தப் பிரதியில் அதை யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். புத்தகத்தைத் திருப்பிவைத்து, வலமிருந்து இடம், மேலிருந்து கீழ் என்று விரலால் கட்டம் கட்டமாகக் காட்டினான். மெக்கானிக்குக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிருக்கவேண்டும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பு தீர்ப்பும் சொன்னார். கதை மோசம். கொலைகாரன் யார் என்று தெரிந்து படித்ததால் அவன் கையையே கவனித்துக்கொண்டு வந்தாராம். நாற்பதாம் பக்கத்தில் சாவி இடது கையில் இருக்கிறது, தொண்ணூறாம் பக்கத்தில் அதே காட்சியை மறுபடி காட்டும்போது வலது கைக்கு வந்துவிடுகிறது. வாசகனை ஏமாற்றியிருக்கிறான் என்றார். பூச்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். அவர் சொன்னது சரி. "துப்பு எல்லாமே கண் முன்னால் இருக்கிறது" என்று அந்தத் தொடருக்கு அவன் எழுதிய அட்டை ஒரு வருடமாக அலமாரியில் இருந்தது. அன்று மாலை போனதும் முதல் வேலையாக அதைக் கிழித்துப் போட்டான்.

ஐந்தாம் நாள் ஒரு பை நிறையப் புத்தகங்களோடு வந்தான். விளையாட்டுக் கதைகளில் நூலகத்தில் அதிகம் போவது எட்டுத் துடுப்பு என்ற படகுப் போட்டித் தொடர். படம் வரைந்திருக்கும் விதத்தில் தண்ணீர் முகத்தில் தெறிக்கும் என்று சொல்லிக் கொடுத்தான். மெக்கானிக் இரண்டு புத்தகம் படித்துவிட்டு, தண்ணீர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

"ஆனா ஒரு துடுப்பு போடறதுக்குள்ள அவனுக்கு மூணாங்கிளாஸ் ஞாபகம் வருது, அம்மா ஞாபகம் வருது, எதிரிக்கும் அவங்கம்மா ஞாபகம் வருது. படகு என்னத்துக்குங்க ஆகும்?"

அந்தக் குறை உண்மைதான் என்று பூச்சி ஒப்புக்கொண்டான். ஒரே பந்தயம் நாலு புத்தகத்துக்கு ஓடுகிறது, அதில் மூன்று புத்தகம் பழைய நினைவு. இருந்தும் தோற்ற அணி கரையில் படகைத் துடைக்கிற ஒன்பதாவது புத்தகத்துக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம் என்றான். முக்கால் மணி நேரம் அந்தப் படகைப் பற்றியே பேசினார்கள். மூன்று மணிக்கு அக்கா ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தபோது இரண்டு ஆண் குரல்கள் உரக்கக் கேட்டன. சண்டை வந்துவிட்டதென்று பயந்து செருப்போடு உள்ளே ஓடிவந்தாள்.

ஆறாம் நாள் திகில் கதை கேட்டார். பூச்சி கொஞ்சம் யோசித்துத்தான் அதை எடுத்துவந்தான். இல்லாத ஒரு மாடியில் போய் நிற்கும் லிஃப்ட்டைப் பற்றிய தொடர் அது. பயமுறுத்துவதில் அதை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் கருத்து. முகங்களை வரையாமல் கதவிடுக்கு வெளிச்சத்தை மட்டும் வரைந்தே நடுங்கவைத்துவிடுவார் ஓவியர். மெக்கானிக் பத்துப் பக்கத்துக்குள் கொதித்தெழுந்தார். கதவுக்குக் கீழே வாசல் சட்டம் இல்லை. கூண்டுக்கு ஈடாகத் தொங்கும் எதிர் எடை இருக்கவேண்டிய இடத்தில் எலும்புக்கூடு இருக்கிறது, சரி, அது பேய்க்கதை. ஆனால் கயிறு?

"ஒத்தக் கயிறு வரைஞ்சு வச்சிருக்கான். உனக்குத் தெரியாதாடா? அஞ்சு மாசம் என்கூட வந்தியே, ஒத்தக் கயித்துல எந்த லிஃப்ட்டாவது தொங்கிப் பாத்திருக்கியா?"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இரண்டு வருடம் கழித்து "டா" வந்துவிட்டது. கூடவே, யாரும் தொடாமல் வைத்திருந்த அந்த ஐந்து மாதமும் வந்துவிட்டது. பூச்சி, மருந்து நேரமாகிவிட்டது என்று எழுந்தான். உண்மையில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சற்று நேரம் கழித்து மெக்கானிக், இரண்டாவது புத்தகம் இருந்தால் கொடு, அந்த மாடியில் யார்தான் இருக்கிறார்கள் பார்க்கலாம் என்றார்.

அன்று மாலை அக்காவும் கலந்துகொண்டாள். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் இரண்டு பேரின் காதல் கதையைப் பூச்சி விட்டுவிட்டுப் போயிருந்தான். ஆறு புத்தகம் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அக்கா நாலு பக்கம் புரட்டி, அந்தப் பெண் போட்டிருக்கும் சட்டைக்குத் தோளில் தையலே இல்லை, கையை எப்படி நுழைத்தாளோ என்று கேட்டாள். மறுநாள் காலை மெக்கானிக் பூச்சியிடம் தன் விமர்சனத்தைச் சொன்னார்: முதல் புத்தகத்திலேயே இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் மற்ற ஐந்தும் தேவையே இல்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா வாசலில் நின்று திரும்பினாள்.

"அதை ரெண்டு வருஷம் பேசாம இருந்தவங்க சொல்லக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அந்த ஏழாம் நாள்தான் அது நடந்தது. பூச்சியோடு நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் முந்தின மாலை அவன் பையை நிரப்பிக் கொடுத்திருந்தாள். வாசகர்கள் அதிகம் கேட்கும் தொடர் என்று, பனிமலை ஏறும் ஒரு பெண்ணின் கதையை அவளே எடுத்து வைத்திருந்தாள், ஏழு புத்தகங்கள். பூச்சி கவனிக்கவில்லை. மெக்கானிக் நடக்கும் பத்து நிமிடத்தில், தலை குனிந்தபடியே பைக்குள் பார்த்து முதல் புத்தகத்தை எடுத்தார்.

அது வேண்டாம் மாமா, நன்றாக இருக்காது என்றான் பூச்சி. ஏன் என்று கேட்டார். சும்மா, ஒரு மாதிரி இழுவை என்றான். மெக்கானிக் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே போய்க் கவிழ்ந்து படுத்தார்.

"படகுக் கதைக்கு முக்கால் மணி நேரம் குறையும் நெறையும் சொன்ன. பேய்க் கதைக்குக் கதவிடுக்கு வெளிச்சத்தைப் பத்தியே அரை மணி நேரம் பேசின. இதுக்கு ஒரு வார்த்தைதானா? நீ இதைப் படிக்கல."

"மூணாவது வரைக்கும் படிச்சேன் மாமா."

"அப்புறம்?"

பூச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவர் முகம் தெரியவில்லை, தன் முகம் அவருக்குத் தெரியவில்லை என்பது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

"மூணாவதுல அந்தப் பொண்ணு பாறையில தொங்கறப்ப கை மரத்துப் போயிடும். வெரலப் பிரிக்க முடியாது. அதுக்கு மேல என்னால படிக்க முடியல. பதினாலாவது மாடியில எனக்கு அப்படித்தான் ஆச்சு மாமா."

பிறகு நிறுத்தாமல் சொன்னான். மெக்கானிக் மேலே மோட்டார் அறைக்குப் போயிருந்த நேரம். இவன் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் தனியாக நின்றிருந்தான். கீழே பார்க்கவில்லை, எதுவும் நடக்கவில்லை, திடீரென்று மூச்சு அடைத்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்த விரல்கள் பிடித்தபடியே இறுகிவிட்டன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலேயிருந்து மாமா ஏதோ கேட்டார், இவன் ஏதோ பதில் சொன்னான். விரல்கள் தானாகத் தளர்ந்ததும் இறங்கி வந்தவன், இனி அதற்குள் கால் வைக்க முடியாது என்று தெரிந்துகொண்டான். அதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இருபது வருடமாக அங்கேயே நின்று சோறு தின்கிற மனிதரிடம், எனக்கு அங்கே நிற்கப் பயம் என்று எந்த வாயால் சொல்வது?

கட்டிலுக்கு அடியில் தொங்கிய மெக்கானிக்கின் கை முக்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"பெல்ட்டு மாட்டியிருந்தியா?" என்று கேட்டார்.

"மாட்டியிருந்தேன்."

"கொக்கி?"

"ரெண்டும்."

"அப்பச் சரி," என்றார். பிறகு, "அன்னிக்குக் காலையில எல்லார் முன்னாடியும் ஸ்பானருக்காக உன்ன நாய் மாதிரி திட்டிட்டேன். அதான் நீ போயிட்டன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா அதேதான் நெனப்பு. உங்கக்காகிட்டகூடச் சொல்லல," என்றார்.

பூச்சி யோசித்துப் பார்த்தான். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"என்ன ஸ்பானர் மாமா?"

முதலில் கட்டில் குலுங்கியது. பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. இரண்டு வருடமாகச் சுமந்து திரிந்த ஸ்பானரை அந்தப் பயல் அன்றைக்கே மறந்துவிட்டிருக்கிறான். சிரிப்பு அடங்கவில்லை. கண் மாமா, கண்ணு, ஆட்டாதீங்க என்று பூச்சி அவர் தோளைப் பிடித்து அழுத்தினான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்தபோது பூச்சிக்குப் பசித்தது. காலைச் சாப்பாட்டில் மிச்சமிருந்ததை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டான்.

மெக்கானிக் அன்று ஆரம்பித்து ஒன்பதாம் நாள் மதியத்துக்குள் மலைத் தொடரின் ஏழு புத்தகத்தையும் முடித்துவிட்டார். பூச்சியைக் கூப்பிட்டு, இதுவரை அவன் கொடுத்ததிலேயே இதுதான் உருப்படி என்றார். கயிறு சரியாக இருக்கிறது, முடிச்சு சரியாக இருக்கிறது, வரைந்தவன் நிச்சயம் ஒரு தடவையாவது தொங்கியிருப்பான். குறை என்றால், அந்தப் பெண்ணின் அண்ணன் தேவையில்லாமல் நிறையப் பேசுகிறான், ஐந்தாவது புத்தகத்தில் பாதியை வெட்டிவிடலாம்.

"மூணாவதுல எழுபதுலேர்ந்து தொண்ணூறாம் பக்கம் வரைக்கும் நீ பாக்க வேண்டாம். அப்படியே புரட்டிடு. அவ பத்தரமா எறங்கிடறா. அப்புறம் மலை ஏறறதில்ல, அடிவாரத்துல உக்காந்து மத்தவங்களுக்கு வானிலை பாத்துச் சொல்றா. அந்த வேலைய நல்லாச் செய்யறா. மத்ததப் படிடா மாப்ள, நல்லா இருக்கு."

அன்று மாலை நூலகத்தில் ஆள் குறைவாக இருந்தது. பூச்சி மூன்றாவது புத்தகத்தைத் திறந்து, அறுபத்தொன்பதாம் பக்கம் வந்ததும் மாமா சொன்னபடியே மொத்தமாகப் புரட்டினான். தொண்ணூற்றொன்றில் அந்தப் பெண் கூடாரத்துக்குள் சூடாக ஏதோ குடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஏழாவது வரை படித்து முடித்தான்.

பத்தாம் நாள் காலை மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தப் பத்து நாளில் அக்கா ஒரு தடவைகூட அழவில்லை, பயம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்று மருந்துச்சீட்டுகள் இருந்த பையை மூன்று தடவை திறந்து பார்த்தாள். ஒட்டியது நிற்கவில்லை என்றால் மறுபடி அறுவை. அதுவும் சரிவராவிட்டால் ஒற்றைக் கண்ணோடு லிஃப்ட் குழிக்குள் அவரை யாரும் விடமாட்டார்கள். இது மூவருக்கும் தெரியும்.

மருத்துவர் விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார். மேலே பார், கீழே பார், இடது பக்கம், வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பூச்சி சுவரில் தொங்கிய நாட்காட்டியின் எண்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான். கடைசியில் மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லா ஒட்டியிருக்கு," என்றார்.

பிறகு வலது கண்ணை மூடிவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டார். மேல்பாதி தெளிவாக இருக்கிறது, கீழ்ப்பாதி தண்ணீருக்குள் பார்ப்பதுபோல ஆடுகிறது என்றார் மெக்கானிக். அது குமிழிதான், நாளாக ஆகச் சிறுத்துக் கரைந்துவிடும், பார்வை மெல்ல மெல்லத்தான் திரும்பும் என்றார் மருத்துவர். சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மெக்கானிக் முதல் வரியைப் படித்தார். இரண்டாம் வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்தார். மூன்றாவதில் இரண்டு எழுத்து சொல்லி நிறுத்திக்கொண்டார். இப்போதைக்கு இதுவே அதிகம் என்றார் மருத்துவர். இனிக் குப்புறப் படுக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கலாம். மூன்று மாதம் கழித்து வேலையைப் பற்றிப் பேசலாம், அநேகமாக எந்தத் தடையும் இருக்காது.

வெளியே நடைக்கூடத்தில் மருந்துக்காகக் காத்திருந்தார்கள். மெக்கானிக் தலையை நிமிர்த்தி மெதுவாகப் பார்த்தார். கூரை விளக்கு, எதிர்ச்சுவர், போகிறவர் வருகிறவர்களின் முகங்கள். கழுத்து இன்னும் பழக்கத்தில் முன்னால் சரிந்தது. பூச்சி ஒரு விரலால் அவர் முகவாயை நிமிர்த்திவிட்டான்.

மருந்தை வாங்கிக்கொண்டு ஆண்கள் இருவரும் திரும்பியபோது அக்கா பெஞ்சில் தூங்கிப்போயிருந்தாள். பை மடியில், தலை சுவரில், வாய் லேசாகத் திறந்திருந்தது. பத்து நாளாக இல்லாத தூக்கம். எழுப்பலாமா என்று பூச்சி கையை நீட்டினான். மெக்கானிக் வேண்டாம் என்று சைகை காட்டினார்.

இருவரும் அவளுக்கு முன்னால், ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழாதபடி நின்றுகொண்டார்கள்.